இரண்டுக்கு முன்னால் பத்து வரலாமா?

வலைப்பின்னல் கண்காணிப்பு ஏஜென்டில் தரவு அட்டவணை அமைப்பது பற்றி ஓர் எளிய பாடம்

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்க மண்டபத்தில் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். பொறியியல் இறுதியாண்டு படிக்கும் நம் சங்கத்துப் பெண் ஒருத்தி வந்து, "மாமா, நீங்க ரயில்வேயில் டெலிகாம்தானே பார்த்தீங்க? என் புராஜெக்ட்ல ஒரு டேபிள் போட்டிருக்கேன். ஒன்பது வரி வரைக்கும் நல்லா வருது. பத்தாவது வரி சேர்த்தா பாதியிலேயே நின்னுடுது. ஏன்னு தெரியலை" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே ஒன்பதும் பத்தும் பல ஆண்டுகளுக்கு முன் என்னையும் படுத்தியிருக்கின்றன. பக்கத்தில் நின்ற அவள் தந்தையார், "ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்திருக்கா சார். என்னதான் செய்றான்னு எங்களுக்கும் புரியற மாதிரி நம்ம பத்திரிகையில எழுதுங்களேன்" என்றார். அவ்விருவருக்காகவும் இக்கட்டுரை. நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்தவன்; 36 ஆண்டுகள் சிக்னல், டெலிகாம் பிரிவில் கேபிளோடும் பாட்டரியோடும் உழன்றவன். எனக்குத் தெரிந்த வழியிலேயே சொல்கிறேன்.

கேட்பவரும் பதில் சொல்பவரும்

ரயில்வேயில் கன்ட்ரோல் அறையில் உட்கார்ந்திருக்கும் செக்‌ஷன் கன்ட்ரோலர், ஒவ்வொரு ஸ்டேஷனையும் போனில் கூப்பிட்டு, "எந்த வண்டி வந்தது, எந்த லைன் காலி" என்று கேட்பார். ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டதற்குப் பதில் சொல்வார். அவசரமென்றால் தாமாகவே கூப்பிட்டும் சொல்வார்.

கம்ப்யூட்டர் வலைப்பின்னலிலும் இதே ஏற்பாடுதான். ரூட்டர், ஸ்விட்ச், யு.பி.எஸ்., பிரின்டர் போன்ற கருவிகள் பலவற்றுக்குள்ளும் ஒரு சிறிய புரோகிராம் இருக்கிறது. அதற்கு ஏஜென்ட் என்று பெயர். இவர்தான் நம் ஸ்டேஷன் மாஸ்டர். ஓரிடத்தில் இருந்துகொண்டு எல்லா ஏஜென்டுகளையும் விசாரிக்கும் புரோகிராம் மேனேஜர். இவர் கன்ட்ரோலர். இருவரும் பேசிக்கொள்ளும் மொழி எஸ்.என்.எம்.பி. எனப்படும் நெறிமுறை. இது 1988-இல் வெளியானது. 1990-இல் உறுதியான வடிவம் பெற்றது. கேள்விகள் 161-ஆம் போர்ட்டுக்குப் போகும். ஏஜென்ட் தானாகச் சொல்லும் அவசரச் செய்தி 162-ஆம் போர்ட்டுக்கு வரும். அதற்கு டிராப் என்று பெயர்.

மேனேஜர் பேசும் சொற்கள் மிகக் குறைவு. 'கெட்' என்றால் இந்த மதிப்பைச் சொல். 'கெட்நெக்ஸ்ட்' என்றால் இதற்கு அடுத்ததைச் சொல். 'செட்' என்றால் இந்த மதிப்பை மாற்று. 1993-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'கெட்பல்க்' சேர்ந்தது. பல கெட்நெக்ஸ்டுகளை ஒரே மூச்சில் கேட்பதுதான் அது. அட்டவணை விஷயத்தில் உயிர்நாடி கெட்நெக்ஸ்ட். அதைப் பிறகு பார்ப்போம்.

எண்களால் ஆன முகவரி

ஒவ்வொரு தகவலுக்கும் புள்ளி வைத்துப் பிரித்த எண்களால் ஒரு முகவரி உண்டு. ஓ.ஐ.டி. என்பார்கள். உதாரணமாக இதைப் பாருங்கள்:

1.3.6.1.2.1.2.2.1.8.3

பயப்பட வேண்டாம். நாடு, மாநிலம், மாவட்டம், தெரு, வீடு என்று கடித உறையில் எழுதுவதைப் போலப் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி வருகிறது. முதல் ஆறு எண்களான 1.3.6.1.2.1 எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான தகவல் தொகுதியைக் குறிக்கும். அடுத்த 2 அதில் இணைப்புகள் பற்றிய பிரிவு. அதற்கடுத்த 2 இணைப்புகளின் அட்டவணை. பின்வரும் 1 அட்டவணையின் ஒரு வரி எப்படி இருக்கும் என்ற வரையறை. 8 என்பது எட்டாவது பத்தி: இணைப்பு இப்போது வேலை செய்கிறதா? கடைசி 3 என்பது எந்த இணைப்பு என்பதற்கான அடையாளம். ஆகவே இந்த நீண்ட எண்ணின் பொருள், "மூன்றாம் எண் இணைப்பு உயிரோடு இருக்கிறதா?" என்பதுதான். பதில் 1 என்றால் இருக்கிறது. 2 என்றால் இல்லை.

ஏழாவது பத்தியும் சுவையானது. அது, இணைப்பை எப்படி வைக்கும்படி நாம் உத்தரவிட்டிருக்கிறோம் என்பதைச் சொல்லும். எட்டாவது, உண்மையில் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லும். கேபினில் லீவரை இழுத்தது ஒன்று, வெளியே சிக்னல் கை இறங்கியது வேறொன்று என்று எங்களுக்கு முதல் நாளே சொல்லித்தருவார்கள். அதே பாடம்தான்.

அட்டவணை என்பது வெறும் தோற்றம்

முன்பெல்லாம் ரயில் பெட்டியின் வாசலில் ரிசர்வேஷன் சார்ட் ஒட்டியிருப்பார்கள். ஊருக்குப் போகும்போது குடும்பத்தோடு நின்று பெயர் தேடியது எல்லோருக்கும் நினைவிருக்கும். பெர்த் எண், பெயர், வயது, ஏறும் இடம், இறங்கும் இடம் என்று மேலிருந்து கீழாகப் பத்திகள். ஒவ்வொரு பயணிக்கும் இடமிருந்து வலமாக ஒரு வரி.

எஸ்.என்.எம்.பி. அட்டவணையும் அதே அமைப்புடையதுதான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. முழுச் சார்ட்டையும் கொடு என்று கேட்க முடியாது. ஒரு வரியைக் கொடு என்றும் கேட்க முடியாது. ஒரு கட்டத்தில் உள்ள மதிப்பை மட்டுமே கேட்கலாம். "32-ஆம் பெர்த்துக்காரரின் வயது என்ன?" என்பது போல. அப்படிக் கேட்பதற்கு வரியை அடையாளம் காட்டும் எண் வேண்டும். அதுதான் இன்டெக்ஸ்.

ஒரு பெட்டிக்குள் பெர்த் எண் போதும். முழு ரயிலுக்கும் ஒரே சார்ட் என்றால் பெட்டியின் பெயரும் சேர வேண்டும்; இன்டெக்ஸ் இரண்டு பகுதிகளாகிவிடும். முகவரியில் எழுத்துக்கு இடமில்லையே, எஸ்5 என்பதை எப்படி எழுதுவது? நீளம் மாறக்கூடிய சொல்லாக இருந்தால் முதலில் அதன் நீளத்தையும், பிறகு ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய ஆஸ்கி எண்ணையும் எழுத வேண்டும். ஆங்கில எஸ் எழுத்துக்கு 83. ஐந்து என்ற குறிக்கு 53. ஆகவே எஸ்5 பெட்டி, 32-ஆம் பெர்த் என்பது 2.83.53.32 ஆகும். எஸ்10 பெட்டி 3.83.49.48 என்று தொடங்கும். நீளம் முதலில் வருவதால் எஸ்5 முன்னும் எஸ்10 பின்னும் தாமாகவே அமைந்துவிடுகின்றன.

அடுத்தது எது?

பெட்டியில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்தெந்த பெர்த் காலி என்பது மேனேஜருக்குத் தெரியாது. பின் எப்படிக் கேட்பார்? இங்கேதான் கெட்நெக்ஸ்ட் வருகிறது. அட்டவணையின் முகவரியை மட்டும் சொல்லி, "இதற்கு அடுத்தது எது?" என்பார். ஏஜென்ட் முதல் கட்டத்தின் முழு முகவரியையும் மதிப்பையும் தரும். அந்த முகவரியைத் திருப்பிச் சொல்லி, "இதற்கு அடுத்தது?" என்பார். இப்படியே கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு இருட்டில் படியிறங்குவது போல மேனேஜர் அட்டவணை முழுவதையும் கடந்துவிடுவார். அட்டவணைக்கு வெளியே உள்ள முகவரி பதிலாக வந்தால், முடிந்தது என்று நிறுத்திக்கொள்வார்.

இதில் வரிசை ஒழுங்கு மூன்று விதிகளில் அடங்கும். முதலாவது, இரண்டு முகவரிகளை இடப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட வேண்டும். முதலில் வேறுபடும் இடத்தில் எது சிறியதோ அதுவே முன்னால் வரும். இரண்டாவது, ஒரு முகவரி மற்றொன்றின் தொடக்கப் பகுதியாகவே இருந்தால் குட்டையானது முன்னால். மூன்றாவது, ஒப்பிடுவது எண் மதிப்பைத்தான், எழுதியிருக்கும் எழுத்துகளை அல்ல. 2-க்குப் பிறகுதான் 10.

முகவரியில் பத்தி எண் முன்னும் இன்டெக்ஸ் பின்னும் இருப்பதால், நடை பத்தி பத்தியாகவே போகும். முதலில் எல்லோருடைய பெயரும், பிறகு எல்லோருடைய வயதும். வரிவரியாக வேண்டுமென்றால், பெயர், வயது, ஊர் ஆகிய மூன்று பத்திகளுக்கும் ஒரே கேள்வியில் சேர்த்துக் கெட்நெக்ஸ்ட் கேட்பது வழக்கம்.

ஏஜென்ட் செய்ய வேண்டியவை

ஏஜென்ட் எழுதும் பிள்ளைகள் கெட்நெக்ஸ்டுக்கு இந்தப் படிகளைக் கடைப்பிடித்தால் போதும்.

1. வந்த முகவரியிலிருந்து அட்டவணையின் பொது முன்பகுதியை நீக்குக.

2. மீதியில் முதல் எண் பத்தி. அது இல்லாவிட்டால், படிக்கத்தக்க முதல் பத்தியை எடுத்துக்கொண்டு, இன்டெக்ஸ் வெறுமை எனக் கொள்க.

3. எஞ்சியவை இன்டெக்ஸ். அது அரைகுறையாகவோ, அதிகமாகவோ இருக்கலாம். பிழை என்று தள்ளாமல் ஒப்பிடுக.

4. நம்மிடம் உள்ள வரிகளில், வந்த இன்டெக்ஸைவிடப் பெரியவற்றுள் மிகச் சிறியது எது என்று காண்க.

5. கிடைத்தால் அதன் முழு முகவரியையும் மதிப்பையும் தருக. கிடைக்காவிட்டால் அடுத்த பத்தியின் முதல் வரிக்குச் செல்க. பத்திகளும் தீர்ந்தால் அட்டவணைக்கு அடுத்துள்ள தகவலுக்குப் பொறுப்பை ஒப்படைக்க.

நான்காம் படியைச் சற்று நின்று கவனியுங்கள். "வந்த இன்டெக்ஸைத் தேடிக் கண்டுபிடி, அதற்குப் பக்கத்து வரியைக் கொடு" என்று எழுதுவது பலரும் செய்யும் தவறு. மேனேஜர் ஏழாம் வரியைப் பெற்றுக்கொண்டு அடுத்ததைக் கேட்பதற்குள் ஏழாம் வரியே நீக்கப்பட்டிருக்கலாம். அப்போதும் எட்டாம் வரியைத் தந்தாக வேண்டும். ஏழில் இருந்தவர் இறங்கிவிட்டார் என்பதற்காக டி.டி.இ. அத்தோடு திரும்பிப் போய்விடுவதில்லை அல்லவா?

என் கையெழுத்தும் ஒரு பச்சை விளக்கும்

இனி என் கதை. நான் பார்த்துவந்த ஒரு பிரிவில் கன்ட்ரோல் போன் ஆப்டிகல் ஃபைபர் வழியாக ஓடியது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் டெலிகாம் கருவிகளுக்கு 24 செல் பாட்டரி. சார்ஜர் ஒழுங்காக இருந்தால் சுமார் 54 வோல்ட் காட்டும். இந்த நிலவரத்தைத் திரட்டித்தர டெஸ்ட் ரூமில் ஒரு பெட்டி வைத்தார்கள். அதற்குள் ஓர் ஏஜென்ட். அதில் ஓர் அட்டவணை. ஸ்டேஷனுக்கு ஒரு வரி. பக்கத்து மேசையில் மேனேஜர் திரை. நலமென்றால் பச்சை, பழுதென்றால் சிவப்பு.

அப்போது 9 ஸ்டேஷன்கள். ஒவ்வொன்றிலும் சார்ஜரை அணைத்துப் பார்த்தேன், ஒவ்வொன்றும் சிவப்பானது. ஏற்புச் சோதனைத் தாளில் கையெழுத்திட்டேன். சில மாதம் கழித்து மேலும் 3 ஸ்டேஷன்கள் சேர்ந்தன. புதிய மூன்றையும் அணைத்துப் பார்த்தேன், மூன்றும் சிவப்பாயின. மறுபடியும் கையெழுத்திட்டேன். பழைய ஒன்பதைத் திரும்பச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஐந்து மாதம் சென்று ஒரு மழை இரவில், ஏழாம் ஸ்டேஷனில் மின்சாரம் போய், திரும்ப வந்தும் சார்ஜர் எழவில்லை. பாட்டரி மெல்ல வடிந்து விடியற்காலையில் கருவிகள் அணைந்தன. அந்தப் பக்கத்துக் கன்ட்ரோல் போன் ஊமையாயிற்று. பிளாக் கருவிகள் தனிக் கேபிளில் இருந்ததால் வண்டிகளுக்கு ஆபத்தில்லை; தாமதம்தான். ஆனால் இரவு முழுவதும் டெஸ்ட் ரூமில் ஆள் இருந்தும் ஏன் யாரும் பார்க்கவில்லை என்ற கேள்வி எழுந்தது. இரவுப் பணியில் இருந்த டெக்னீஷியனுக்குச் சார்ஜ் ஷீட் தயாரானது. அவர், "திரை பச்சையாகத்தான் இருந்தது" என்று ஒரே பேச்சாகச் சொன்னார். நான் நம்பவில்லை. தூங்கியிருப்பார் என்றே நினைத்தேன். விசாரணைக்கு நான் எழுதிய முதல் அறிக்கையில், 'பணியாளர் திரையைக் கவனிக்கவில்லை' என்ற வாக்கியம் இருந்தது.

அதில் கையெழுத்துப் போடுமுன், மூன்றாம் நாள், என்னவோ உறுத்தி டெஸ்ட் ரூமுக்குப் போனேன். ஏஜென்டைக் கையாலேயே கேட்டுப் பார்த்தேன். 1-க்கு அடுத்தது எது? 10 என்றது. பிறகு 11, 12. 12-க்கு அடுத்தது? 2 என்றது.

எழுதியவர் வரி எண்களை எழுத்துகளாக வைத்து அகராதி முறையில் அடுக்கியிருக்கிறார். எழுத்துக் கணக்கில் 10 என்பது 2-க்கு முன்னால் வந்துவிடும். 9 ஸ்டேஷன் வரை எல்லாம் ஒற்றை இலக்கம். எனவே பிழை வெளியே தெரியவில்லை. மேனேஜரோ, 12-க்குப் பிறகு 2 என்று முகவரி பின்னோக்கிப் போனதும் அங்கேயே நிறுத்திக்கொண்டது. அது நியாயமான செயல்தான்; நிறுத்தாவிட்டால் செக்குமாடு போல முடிவில்லாமல் சுற்ற நேரிடலாம். நிறுத்தியதை யாரும் திறக்காத ஒரு பதிவுக் கோப்பில் எழுதியும் வைத்திருந்தது. ஆக, 2 முதல் 9 வரையுள்ள ஸ்டேஷன்களை ஐந்து மாதமாக யாரும் கேட்கவே இல்லை. கடைசியாகக் கேட்ட நாளின் பச்சை, சுவரில் தீட்டிய சித்திரம் போலத் திரையில் அப்படியே நின்றது.

டெக்னீஷியனை அழைத்து, பக்கத்து ஸ்டேஷனுக்குப் போன் செய்து, சார்ஜரை அணைக்கச் சொன்னேன். திரை பச்சையாகவே இருந்தது. அந்தப் பச்சையை நாங்கள் இருவரும் பேசாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

பழைய அறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். ஏற்புச் சோதனை முழுமையாக நடக்கவில்லை, நடத்தியவன் நான் என்றும் எழுதினேன். அவர் மேல் இருந்த நடவடிக்கை கைவிடப்பட்டது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்றும் வைத்திருக்கிறேன். ஏஜென்டில் மாற்றியது ஒப்பிடும் அந்த ஒரு வரியைத்தான். திரையில் நான் கேட்டு வாங்கியது மற்றொன்று: ஒவ்வொரு வரிக்கும் கடைசியாகப் பதில் வந்த நேரம் தெரிய வேண்டும், மூன்று முறை பதில் வராவிட்டால் பச்சை போய்ச் சாம்பல் நிறமாக வேண்டும். 'நலம்' என்பதும் 'செய்தி இல்லை' என்பதும் ஒன்றல்ல. வெளியூரில் பிள்ளைகளை வைத்திருக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னும் சில எச்சரிக்கைகள்

எஸ்.என்.எம்.பி.யின் அடிப்படை வகைகளில் தசமப் புள்ளி கிடையாது. 54.0 வோல்ட்டை 540 என்று வைத்து, அலகு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு என வரையறையில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் படிப்பவர் திகைப்பார்.

போக்குவரத்தை எண்ணும் 32 பிட் கவுன்ட்டர் 4,29,49,67,295 வரை போய், மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 100 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் 6 நிமிடத்துக்குள் இது நிகழ்ந்துவிடும். 10 நிமிடத்துக்கு ஒரு முறை படித்தால் கணக்குத் தப்பும். இதற்காகவே 1994-இல் இணைப்பு அட்டவணைக்கு 64 பிட் கவுன்ட்டர்கள் வந்தன.

ஒவ்வொரு கேள்விக்கும் தொலைவிலுள்ள கருவியைப் போய்க் கேட்டுவந்தால் நேரமாகும், மேனேஜர் பொறுமையிழப்பார். சில விநாடிகளுக்கு மதிப்புகளை நினைவகத்தில் வைத்திருந்து பதில் சொல்லலாம். ஆனால் அது எத்தனை விநாடிப் பழையது என்பது ஏஜென்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மேனேஜரே புதிய வரி சேர்க்கும்படி அட்டவணை அமைத்தால், 'ரோ ஸ்டேட்டஸ்' என்ற பத்தி ஒன்று வைப்பது முறை. அதில் 4 என்று எழுதினால் வரியை உருவாக்கி உடனே நடைமுறைக்குக் கொண்டுவா. 5 என்றால் உருவாக்கிக் காத்திரு. 6 என்றால் நீக்கு. ஒரே செட் கட்டளையில் வரும் மாற்றங்கள் எல்லாம் நடக்க வேண்டும், அல்லது ஒன்றுமே நடக்கக் கூடாது. முதல் இரண்டு பதிப்புகளில் கடவுச்சொல் மறைவின்றிப் போகும். ஆகவே மாற்றும் உரிமையை, 2002-இல் நெறிப்படுத்தப்பட்ட மூன்றாம் பதிப்பின் பாதுகாப்போடு மட்டுமே கொடுப்பது நல்லது.

இவையனைத்தையும் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. நெட்-எஸ்.என்.எம்.பி. என்ற இலவச மென்பொருளில் அட்டவணைக்கென்றே ஆயத்தப் பகுதிகள் உள்ளன. அதிலுள்ள 'எஸ்.என்.எம்.பி.வாக்' கட்டளை, முகவரி ஏறுவரிசையில் வராவிட்டால் பிழை காட்டி நிற்கும். நம் வீட்டுப் பெண்ணின் புராஜெக்டை நிறுத்தியதும் அதுதான்.

வீட்டுப்பாடம்

1.10, 2.1, 1.9.3, 1, 1.9 ஆகிய ஐந்து முகவரிகளையும் ஏறுவரிசையில் எழுதுங்கள். பெற்றோரும் முயலலாம். விடை: 1, 1.9, 1.9.3, 1.10, 2.1. சரியாக வந்தால் பாடத்தின் முக்கால் பங்கு பிடிபட்டுவிட்டது.

அந்தப் பெண் போன வாரம் போன் செய்தாள். எழுத்தாக வைத்திருந்ததை எண்ணாக மாற்றியதும் 12 வரிகளும் ஒழுங்காக வருகின்றனவாம். "சந்தோஷம் அம்மா. இப்போ அஞ்சாவது வரியை நடுவுல எடுத்துட்டு ஓட்டிப் பாரு. அப்புறம் பழைய வரி எல்லாத்தையும் மறுபடி ஒரு தடவை சோதிச்சுப் பாரு" என்றேன். ஞாயிறு மாலை சங்க நூலகத்தில் அதைச் சேர்ந்து பார்ப்பதாக இருக்கிறோம். விருப்பமுள்ள மற்ற பிள்ளைகளும் வரலாம்.